உயிரோடு புதைத்த இணைப்பு

காணாமல் போனவர்களைத் தேடித் தரச் சொல்லி வருகிறவர்கள் அழுவார்கள், இல்லையென்றால் எங்களைத் திட்டுவார்கள். சுகுமாறன் இரண்டையும் செய்யவில்லை. நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, சட்டைக் கை மடிப்பைச் சரிசெய்தபடி பேசினான்.

தம்போயில் கார் பேட்டரி கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். துப்பறிவது வேதநாயகி அக்கா. கார் ஓட்டுவதும் வாயாடுவதும் காளிதாஸ் ஆகிய நான். வாயாடுவதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது.

"பேரு லோஷினி. எனக்கு நிச்சயம் பண்ண பொண்ணு," என்றான் சுகுமாறன். "வெள்ளிக்கிழமையிலேருந்து ஆளக் காணோம். போன் அடைச்சிருக்கு. வீட்டுலயும் இல்ல."

"போலீசுக்குப் போகலையா?" என்றார் அக்கா.

"அவங்க அம்மா நெஞ்சு வலிக்காரங்க மேடம். வாசல்ல போலீஸ் வண்டி நின்னா தாங்க மாட்டாங்க."

படம் கேட்டார் அக்கா. அவன் கைப்பேசியை நீட்டினான். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண், பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு படம் இல்லையாம். அதையே அக்காவுக்கு அனுப்பினான்.

"டைல்ஸ் கம்பெனில ஆபீஸ் வேலை. ஆனா அவ உசுரு முழுக்க இதுலதான்," என்று ஓர் அகப்பக்கத்தைத் திறந்தான். மேலே 'பகடைச் சந்தி' என்று எழுதியிருந்தது.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற பாத்திர விளையாட்டுகளுக்கான தொகுப்பு அது. விதிநூல், வரைபடம், பூதங்கள், எழுதி வைத்த சாகசக் கதை என்று யார் எந்த மூலையில் இலவசமாகப் போட்டிருந்தாலும் அங்கே போவதற்கு ஓர் இணைப்பு, ஒரு வரி அறிமுகம், செய்தவர் பெயர், ஊர். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் இருந்தது. சம்பளமே இல்லாத வேலைக்கு இவ்வளவு ஒழுங்கா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்சது," என்றான்.

"தாயம் மாதிரியா பாஸ்?" என்றேன்.

"அதே மாதிரிதான் தம்பி. சனிக்கிழமை ஆனா கூட்டமா ஆடுவோம். எப்பவும் அவதான் ஜெயிப்பா. நானும் விட்டுக் குடுத்துருவேன்." சிரித்தான். அழகான பல்வரிசை. எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

"நேத்து இந்தப் பக்கத்துல என்னமோ மாறியிருக்கு மேடம். கீழ பாருங்க, 'நேற்று திருத்தப்பட்டது'ன்னு போட்டிருக்கு. எங்கியோ உக்காந்து அவதான் டைப் அடிக்கிறா. எங்கன்னு மட்டும் கண்டுபிடிங்க, மத்தத நான் பாத்துக்கறேன். தம்பி, எது தெரிஞ்சாலும் உடனே எனக்கு மெசேஜ் போடு."

போடுகிறேன் என்றேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

*

'எங்கள் மேஜை கூடும் இடம்: செல்வராணி போட்டோஸ்டாட், தம்போய்' என்று பகடைச் சந்தியிலேயே போட்டிருந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து ரோட்டைக் கடந்தால் அந்தக் கடை. துப்பறியும் தொழிலில் இவ்வளவு சுலபமாக ஒரு காலைப் பொழுது எனக்கு அமைந்ததே இல்லை.

செல்வராணி கண்ணாடி போட்ட, கட்டையான அம்மாள். இயந்திரத்தில் யாருடைய அடையாள அட்டையோ நகலாகிக்கொண்டிருந்தது.

"அக்கா, லோஷினியைத் தேடி வந்தோம். அவங்க மாப்பிள்ளை அனுப்பி வெச்சாரு," என்றேன்.

"அப்படியா," என்று சொல்லிவிட்டு இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வேதநாயகி அக்கா எதையும் வற்புறுத்திக் கேட்கிற ஆள் இல்லை. கடையின் பின்பக்கம் இருந்த பெரிய மேஜைக்குப் போய், மைலோ டின்னில் கிடந்த பகடைகளை அள்ளிப் பார்த்தார். எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமாக இருந்தன.

"இதை எப்படிங்க ஆடறது?"

அந்தக் கேள்விக்குச் செல்வராணி கொஞ்சம் இறங்கி வந்தார். "நான் கதை சொல்லுவேன். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். கதவுக்குப் பின்னால உறுமல் சத்தம் கேக்குது, தொறக்கறியா ஓடறியான்னு கேப்பேன். அவங்க முடிவு பண்ணுவாங்க, பலிக்குமான்னு பகடை சொல்லும்."

"கடைசில யாரு ஜெயிப்பா?" என்றேன் நான்.

"யாரும் ஜெயிக்க மாட்டாங்க. எல்லாரும் ஒரே பக்கம்தானே. கதை முடியும், சாப்பிடப் போவோம்."

"எங்க தாமான் குடியிருப்பு பேட்மிண்டன் டீம் மாதிரின்னு சொல்லுங்க."

அக்கா கைப்பேசியில் பகடைச் சந்தியைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு வந்தார். "இது என்ன, 'இடுகாடு'ன்னு ஒரு பக்கம்?"

செல்வராணியின் குரல் தழைந்தது. "நெட்டுல போடறதெல்லாம் நெலைக்காதுங்க. எழுதுனவன் கைவிட்டுருவான், இல்ல பக்கத்தையே மூடிருவாங்க. மத்தவங்கன்னா அந்த இணைப்பை அழிச்சிட்டுப் போயிருவாங்க. லோஷினி அழிக்க மாட்டா. யாரோ ராத்திரி கண்ணு முழிச்சு செஞ்சது, பேராவது இருக்கட்டும்னு இங்க கொண்டாந்து புதைப்பா. என்ன அது, யாரு செஞ்சது, எந்த ஊரு, என்னைக்கு செத்துச்சு, எல்லாம் எழுதுவா."

"தெரியாம உயிரோட இருக்கறதைப் புதைச்சிட்டா?"

"லோஷினியா?" செல்வராணிக்குக் கோபமே வந்துவிட்டது. "சேக்கும்போதும் சரி, புதைக்கும்போதும் சரி, ஒவ்வொண்ணையும் கையால அமுக்கி உள்ள போய்ப் பாக்காம செய்ய மாட்டா. ஒவ்வொரு இணைப்புக்குக் கீழயும் 'செத்துப்போச்சா? சொல்லுங்க'ன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க. யாரு அமுக்கினாலும் நேரா அவளுக்குப் போகும். சோத்துல கை வெச்சிருந்தாலும் எந்திரிச்சுப் போய்ப் பாப்பா."

இடுகாட்டின் உச்சியில் நேற்று புதைத்தது இருந்தது. 'செம்பனைக்குள்ளே ஒரு வீடு. சாகச வரைபடம். வரைந்தவர்: தேன்மொழி. ஊர்: லாயாங் லாயாங்.'

அக்கா அதை அமுக்கினார். திறந்தது.

கட்டம் போட்ட தாளில் கையால் வரைந்த வீடு. முன்னால் ரயில் தண்டவாளம், சுற்றிலும் செம்பனை மரங்கள், பின்வாசலில் கிணறு. கிணற்றுக்குள் பூதம். அந்தப் பக்கம் நன்றாக உயிரோடுதான் இருந்தது.

"கடையை அடைக்கணும்," என்றார் செல்வராணி. அப்போது பட்டப்பகல்.

*

"வரைபடத்துல பூதம் மட்டும்தான் கற்பனை. வீடு தேன்மொழியோட வீடுதான்," என்றார் அக்கா, கார் வடக்கே போகும் நெடுஞ்சாலையில் ஏறியதும். தம்போயில் ஏறும்போது 'லாயாங் லாயாங், தேன்மொழி வீடு' என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். "உயிரோட இருக்கறதைத் தெரிஞ்சே புதைச்சிருக்கா. அது அவ மேஜைக்காரங்களுக்குச் சொன்ன சேதி. 'நான் இங்க இருக்கேன்.' செல்வராணிக்கு அது புரிஞ்சிருக்கு. நம்மகிட்ட சொல்லல."

"ஏன்கா சொல்லல?"

"அதான் எனக்கும் உறுத்துது."

கூலாய்ப் பக்கம் பெட்ரோல் போட நிறுத்தினோம். நான் ஒரு ரொட்டி சானாயும் சாப்பிட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அக்கா அந்தப் பேருந்து நிறுத்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காளி, நிச்சயம் பண்ண மாப்பிள்ளைகிட்ட இருக்கறது ஒரே ஒரு படம். அதுலயும் அந்தப் பொண்ணு இவனைப் பாக்கல. தூரத்துல இருந்து, அவளுக்குத் தெரியாம எடுத்தது."

நான் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

"சனிக்கிழமை ஆனா கூட்டமா ஆடுவோம்னான். அப்படின்னா முதல்ல செல்வராணிகிட்டதானே ஓடியிருக்கணும்? நீ 'மாப்பிள்ளை'ன்னு சொன்னதும் அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் இன்னொண்ணு சொன்னானே, எப்பவும் அவதான் ஜெயிப்பான்னு."

பேட்மிண்டன் நகைச்சுவை இப்போது எனக்கே கசந்தது. யாருமே ஜெயிக்காத விளையாட்டு. அந்த மேஜையில் ஒரு நாள் உட்கார்ந்தவனுக்குக்கூட அது தெரியும்.

"அவ காணாமப் போகல காளி. இவன்கிட்டேருந்து ஒளிஞ்சிருக்கா. இவனால கண்டுபிடிக்க முடியல, அதுக்கு நம்மள ஏவிவிட்டிருக்கான். நல்ல வேளை, நாம எங்க போறோம்னு அவனுக்குத் தெரியாது."

நான் பேசாமல் இருப்பது அபூர்வம் என்பதால் அக்கா உடனே திரும்பினார்.

"காளி?"

"அலமாக், ஐயையோக்கா," என்றேன். கைப்பேசியை அவரிடம் நீட்டினேன். தம்போயில் கார் ஏறும்போதே நான் அனுப்பியது அதில் இருந்தது. 'லாயாங் லாயாங் பாஸ். தேன்மொழின்னு ஒரு பொண்ணு வீடு.' அதற்குக் கீழே அவன் பதில். 'நன்றி தம்பி. கிளம்பிட்டேன்.'

அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. "வண்டியை எடு," என்றார்.

நான் ரொட்டி சானாய் தின்ற நேரத்தில் அவன் எங்களைத் தாண்டிப் போயிருப்பான். அவனிடம் பெரிய கார். எங்களிடம் ஏசி போட்டால் முனகுகிற பழைய சாகா கார். மிதித்தேன்.

"அவளுக்கு எப்படிக்கா சொல்றது? போன் அடைச்சிருக்கே!"

அக்கா ஏற்கெனவே தட்டச்சு செய்துகொண்டிருந்தார். தேன்மொழியின் வரைபடத்துக்குக் கீழே இருந்த 'செத்துப்போச்சா? சொல்லுங்க' பட்டனை அமுக்கியிருந்தார்; எழுத ஒரு பெட்டி திறந்திருந்தது. அனுப்புவதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டினார்.

'இந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது. உங்கள் மேஜையில் யாரும் ஜெயிப்பதில்லை என்பது தெரியாத ஒருவன் இதைத் தேடி வருகிறான். அவனிடம் ஏமாந்து வழி காட்டியவர்கள் நாங்கள்தான். வெளியே வராதீர்கள். லாபிஸ் என்று ஊர் போட்ட ஏதாவது ஒன்றை இப்போதே புதையுங்கள். அங்கே யாரும் மாட்டிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.'

"முன்ன பின்ன தெரியாதவங்க எழுதறதை நம்புவாளாக்கா?"

"நம்ப வேணாம். பட்டனை அமுக்கினா போய்ப் பாப்பா. அது போதும்."

*

சிம்பாங் ரெங்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடி, லாயாங் லாயாங் கடைவரிசையை எட்டியதும் நான் பிரேக்கை அழுத்தினேன்.

கறுப்பு நிறப் பெரிய கார். அதன் பக்கத்தில் சுகுமாறன் நின்றிருந்தான். மளிகைக் கடை வாசலில் இருந்த பெரியவரிடம் கைப்பேசியைக் காட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். பெரியவர் யோசித்தார். அப்புறம் அவர் கை மெதுவாக எழுந்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் செம்பனை இருந்த திசைக்கு நீண்டது.

"ஓரமா நிக்கிற லோரிக்குப் பின்னால நிறுத்து," என்றார் அக்கா. "அவனுக்கு இப்ப போன் போடு. லாபிஸ்னு சொல்லு, இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகட்டும்."

"சைட்டு மாறிடுச்சாக்கா?"

"இன்னும் இல்ல."

என் வாயால் கெட்ட காரியம். என் வாயால்தான் சரிசெய்ய வேண்டும். அழைத்தேன். எதிரே அவன் கைப்பேசியைக் காதில் வைப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. இப்போது அவன் சிரிக்கவில்லை. சிரிக்காத அந்த முகத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"பாஸ், எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேன். வீட்டைக் காட்டிட்டாங்க. நீ வர வேணாம்."

"ஐயோ பாஸ், அங்க இல்ல லா! இடத்தை மாத்திட்டா. இப்ப லாபிஸ். நாங்க ஹைவேல போயிட்டே இருக்கோம்."

"யாரு சொன்னா?"

"சைட்டைப் பாருங்க பாஸ். 'இடுகாடு'ன்னு ஒரு பக்கம், அதுல மேல இருக்கறதுதான் அவ இருக்கற ஊரு. மாத்தி மாத்திப் போடறா."

அவன் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். திரும்ப வைத்தான். "லாயாங் லாயாங்தான் இருக்கு."

அக்கா தன் திரையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அங்க லைன் மதியத்துல தூங்கும் பாஸ். இன்னொரு தடவை தட்டுங்க. நம்ம ஆபீஸ் லைனும் அப்படித்தான், காலையில அனுப்புன மெயில் சாயங்காலம் கொட்டாவி விட்டுட்டு..."

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. நீளமாக ஊதிக்கொண்டு தண்டவாளத்தில் ஓடியது. என் ஒரு காதில் நேராகக் கேட்டது, இன்னொரு காதில் அவன் கைப்பேசி வழியாகக் கேட்டது.

அவன் தலை நிமிர்ந்தது.

"தம்பி," என்றான் நிதானமாக. "உன் பக்கமும் ரயில் போகுது."

"உங்க சத்தம்தான் பாஸ் எனக்குக் கேக்குது. எதிரொலி."

அவன் தெருவை ஒரு முனையிலிருந்து மெல்லப் பார்த்துக்கொண்டே வந்தான். நானும் அக்காவும் இருக்கையில் சரிந்தோம். அவன் லோரியைச் சுற்றி நாலு அடி நடந்தால் எங்களைப் பார்த்துவிடுவான், அப்புறம் அந்தச் செம்பனைப் பாதையில் அவனைத் தடுக்க யாரும் இல்லை.

அக்கா என் தோளைக் கிள்ளினார். திரையைக் காட்டினார்.

'லாபிஸ் ஸ்டேஷன் ஆவி. ஒரு மாலை ஆடலாம். எழுதியவர்: மதிவாணன். ஊர்: லாபிஸ். இறந்தது: இன்று.'

"பாஸ், இப்ப தட்டுங்க. லாபிஸ் ஸ்டேஷன்னு வருதா?" என்றேன்.

அவன் திரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கார் கதவு சாத்தும் ஒலி. கறுப்புக் கார் திரும்பி, எங்களை மறைத்திருந்த லோரியை உரசுவதுபோலக் கடந்து, வந்த வழியே பறந்தது. அக்கா அதன் எண்ணைச் சத்தமாக வாசித்தார். எனக்கு மூச்சு விட வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

*

வரைபடத்தில் இருந்தபடியே வீடு இருந்தது. கதவைத் திறந்த தேன்மொழியின் கையில் பாராங் கத்தி.

"நாங்கதான் அந்தப் பட்டனை அமுக்கினவங்க," என்றார் அக்கா.

சமையல்கட்டு மேஜையில் மடிக்கணினி முன் லோஷினி உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் கையைத் தூக்கினாள். "ஒரு நிமிசம் இருங்க. முதல்ல இந்த ரெண்டையும் எழுப்பிடறேன்."

தேன்மொழியின் வீட்டையும் லாபிஸ் ஆவியையும் இடுகாட்டிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"லாபிஸ்ல யாரும் இல்லையே?" என்றார் அக்கா.

"மதிவாணன் அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காரு. அதான் அதை எடுத்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த சுகுமாறன் சைட்டு வழியாத்தான் எனக்கு அறிமுகம், பகடை உருட்டற செயலின்னு ஒரு பக்கத்தை அனுப்பினான். எப்பவும் போல அமுக்கி உள்ள போனேன். அவ்வளவுதான், என் போன்ல இருந்த மெசேஜ் எல்லாத்தையும் படிச்சிட்டான். அதைத்தான் பகடைச் சந்தியில போடச் சொன்னான். நான் போட்டா எல்லாரும் நம்பி அமுக்குவாங்க. மாட்டேன்னேன். பஸ் ஸ்டாப்புல நின்னான். வீட்டு கேட்டுக்கு வந்து, அம்மாவை நல்லா பாத்துக்கன்னு சொல்லிட்டுப் போனான்."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"ரிப்போர்ட் இருக்கு. அந்தப் பக்கத்தை வெச்சிருக்கற கம்பெனிக்கும் புகார் எழுதிட்டேன். அவங்க எடுக்கற வரைக்கும் ஒளிஞ்சிருக்கலாம்னு பாத்தேன். போனைத் தொட்டா அவன் படிப்பான். அவனுக்குப் புரியாத இடம் இடுகாடு ஒண்ணுதான்."

"அது ஊரே பாக்கற இடமாச்சே!" என்றேன்.

"பாக்கலாம். அங்க எல்லாமே செத்ததுன்னு நெனச்சா யாரு அமுக்கிப் பாப்பா?"

அக்கா அந்த ரிப்போர்ட்டின் நகலைப் படம் எடுத்தார். லாபிஸ் காவல் நிலையத்துக்கு அழைத்து மலாயில் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார், கார் எண்ணையும் சேர்த்து. பிறகு காத்திருந்தோம். தேன்மொழி தேத்தண்ணி போட்டுத் தந்தாள். யாரும் குடிக்கவில்லை. வெளியே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் லோஷினி பின்வாசலைப் பார்த்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகு அக்காவின் கைப்பேசி அடித்தது. "யா... யா... தெரிமா காசி, துவான்," என்று நன்றி சொன்னார். கைப்பேசியை மேஜையில் வைத்தார். "ரயில் ஸ்டேஷன் வாசல்லயே பிடிச்சிட்டாங்க. ஆவிக்காகக் காத்துட்டு நின்னானாம்."

லோஷினி மடிக்கணினியை இழுத்துக்கொண்டாள். புகாருக்குப் பதில் வந்திருந்தது, அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்களாம். இடுகாட்டைத் திறந்தாள். "இதையும் புதைக்கணும். மரியாதைக்கு இல்ல. நாளைக்கு யாராவது தேடி வந்தா தெரியணும்."

புதைப்பதற்கு முன் அமுக்கிப் பார்க்க வேண்டும். அவள் விரல் அந்த இணைப்பின் மேல் நின்றது. எல்லாவற்றையும் அமுக்கிப் பார்க்கிற அந்தப் பெண்ணுக்கு இதை மட்டும் அமுக்க முடியவில்லை.

"குடுங்க," என்றேன். "என் போன்ல அமுக்கறேன். அதுல இருக்கற ரகசியம் எல்லாம் ரொட்டி சானாய் கடை நம்பருங்கதான்."

அமுக்கினேன். வெள்ளைத் திரை. அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது.

"செத்துப்போச்சு," என்றேன்.

அவள் எழுதத் தொடங்கினாள். 'பகடை செயலி. திருட்டுப் பக்கம். செய்தவர்: சுகுமாறன்.' அடுத்ததில் நின்றாள். "ஊர்னு ஒரு கட்டம் இருக்கே. அவன் எந்த ஊருன்னே எனக்குத் தெரியாது."

வேதநாயகி அக்கா ஆறிப்போன தேத்தண்ணியை முதல் முறையாக எடுத்துக் குடித்தார்.

"லாபிஸ் போலீஸ் நிலையம்னு போடும்மா," என்றார்.